சாதுவான குஞ்சும் சம்பந்தி மரியாதையும்

பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் மகளை மருமகளாகப் பெறும் பேறு பெற்ற குடும்பத்திலிருந்து பணிவான வணக்கம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாளும் நம் பிள்ளைகள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். ‘மூவரும் நலம்’ என்று எழுதத்தான் ஆசை. அந்த மூன்றாமவரைப் பற்றியதே இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்ல நா எழவில்லை. எதையும் வரிசைப்படுத்தாமல் எழுதினால் எனக்குக் கையும் ஓடாது. ஆகவே:

1. தாங்கள் நல்ல உடல்நிலையில் ஒப்படைத்த கோழிக்குஞ்சு எங்கள் வீட்டில் நோயுற நேர்ந்தது. அதற்கு நானே பொறுப்பு.
2. நான் அளித்த சிகிச்சை.
3. அந்தச் சிகிச்சையால் உண்டான புதிய கோளாறுகள்.
4. கால்நடை மருத்துவமனையில் தங்கள் பெயருக்கு நேர்ந்த இழுக்கு.
5. தற்போதைய நிலை. (கவலை வேண்டாம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.)

நம் பிள்ளைகளைப் பார்க்க ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் தாங்கள் ஒரு செருப்புப் பெட்டியை என் கையில் வைத்து, “மத்ததையெல்லாம் பக்கத்து வீட்டுல விட்டுட்டேன் சம்பந்தி. இது மட்டும் கொஞ்சம் சாது. நீங்க பாத்துக்குங்க” என்றீர்கள். தாங்கள் கேட்டு நான் மறுத்ததும் இல்லை, நான் கேட்டுத் தாங்கள் மறுத்ததும் இல்லை. கல்யாணத்தன்று ‘நீங்க முன்னாடி நில்லுங்க’ என்று ஒருவரையொருவர் முன்னே தள்ளித் தள்ளியே இருவரும் புகைப்படத்தில் விழாமல் போனவர்கள் நாம். வாங்கிக்கொண்டேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். குஞ்சு அவர்கள் ஒரு மூலையில் கண்ணை மூடி, சிறகைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார்கள். என்ன அடக்கம், சம்பந்தி வீட்டு வளர்ப்பு என்றால் இதுவல்லவா என்று மெய்மறந்தேன். தீனி வைத்தேன், தொடவில்லை. புது இடம், கூச்சமாக இருக்கும் என்று நினைத்து நாகரிகமாக அறையை விட்டு வெளியே வந்து கதவையும் சாத்தினேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். “என்னங்க, இது கூச்சமில்ல, சீக்கு! சம்பந்தி வீட்டுக் குஞ்சுங்க! நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா மருமக முகத்துல எப்படி முழிக்கிறது?” என்றாள். “அவங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேக்கலாமா?” என்றேன். “கோழிக்குஞ்சுக்கு என்னங்க ‘அவங்க’?” என்றாள். தங்கள் வீட்டிலிருந்து வந்தவரை ‘அது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

முதலில் சூடு தேவை என்றாள் மனைவி. என் மேசை விளக்கைப் பெட்டிக்கு மேல் வைத்து, சூடு எவ்வளவு என்று அறியக் காய்ச்சல் பார்க்கும் கருவியை உள்ளே வைத்தேன். அது நூற்று நான்கைத் தாண்டியது. நான் வியர்த்துப்போய், “காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது!” என்று கத்த, அவள் ஓடி வந்து, “அது குஞ்சோட காய்ச்சல் இல்லீங்க, உங்க விளக்கோட காய்ச்சல்! அதுவே வாயைத் திறந்து மூச்சு வாங்குது பாருங்க” என்று விளக்கைப் பிடுங்கினாள். பிறகு அகராதியின் தொகுதிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, விளக்கை அவற்றின்மேல் ஏற்றி, எந்த உயரத்தில் குஞ்சு அவர்களின் முகம் தெளிகிறது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். அகராதி இவ்வளவு பயன்பட்டது என் வாழ்வில் இதுவே முதல் முறை. அடுத்து, சர்க்கரைத் தண்ணீர் புகட்ட ஒரு சொட்டுக்குழாய் வேண்டியிருந்தது. பேனாவுக்கு மை ஊற்றும் குழாயைக் கழுவி எடுத்தேன். நன்றாகக் கழுவியதாகத்தான் நினைவு. சற்று நேரத்தில் அடுக்களையிலிருந்து வந்த மனைவி, “ஐயையோ, வாயெல்லாம் நீலம் பாய்ஞ்சிருச்சு!” என்று அலறினாள். என் விரலும் நீலமாக இருப்பதைப் பிறகுதான் கவனித்தோம். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

மறுநாள் காலை கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். காத்திருக்கும் இடம் முழுவதும் கன்றுக்குட்டி அளவு நாய்கள். ஒவ்வொன்றும் என் மடியில் இருந்த பெட்டியை மோப்பம் பிடித்துவிட்டு என் முகத்தையும் ஒரு முறை பார்த்தது. சீட்டு எழுதும் பெண், “பேஷண்ட் பேர் சொல்லுங்க” என்றார். பெயர் தெரியவில்லை, தாங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “எங்க சம்பந்தி...” என்று தொடங்கினேன். ‘சம்பந்தி வீட்டுக் குஞ்சு’ என்று முடிப்பதற்குள் பின்னால் ஒரு நாய் குரைத்தது, எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணும் எழுதிவிட்டார். திருத்தச் சொல்லத் தைரியம் வரவில்லை. அரை மணி கழித்து உள்ளிருந்து உதவியாளர், “சம்பந்தி யாருங்க? சம்பந்தியைத் தூக்கிட்டு வாங்க!” என்று கூவினார். பக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டு, “உங்க சம்பந்தியா? இங்கயா காட்டுறீங்க?” என்றார். “ஆமாங்க, பெட்டிக்குள்ள இருக்காங்க” என்று உண்மையைச் சொன்னேன். அவர் தம் நாயையும் இழுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

டாக்டர் தூக்கித் திருப்பிப் பார்த்தார். எழுதக் கூசுகிறது, இருந்தும் மறைக்கக் கூடாது: தங்கள் குஞ்சு அவர்களின் பின்புறம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. “எப்ப இருந்து இப்படி?” என்றார். “எங்க வீட்டுக்கு வந்ததுல இருந்துங்க” என்றேன். வந்தது முதல் என்றால் குற்றவாளி நான்தானே? எங்கள் வீட்டுத் தண்ணீரா, காற்றா, நான் கதவைச் சாத்தியதா என்று வரும் வழியெல்லாம் எண்ணினேன். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கச் சொன்னார் டாக்டர். வீட்டுக்கு வந்து, “மன்னிக்கணும், மன்னிக்கணும்” என்று சொல்லிக்கொண்டே நான் துடைத்தேன். மனைவி தலைமுடி காயவைக்கும் கருவியால் உலர்த்தினாள். ஒரு சம்பந்தி இதைவிட என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. முடியுமென்றால் அதையும் செய்திருப்பேன்.

வேக வைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். “அதோட தம்பியையே அதுக்கு ஊட்டச் சொல்றாரா? சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?” என்றாள். ஆகவே அவள் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து நானே ஊட்டினேன். அவள் திரும்பி வந்தபோது என் விரலெல்லாம் மஞ்சள். முந்தின நாள் நீலம். “என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?” என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் தாங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். நினைவிருக்கும். மழை பற்றிப் பேசினோம். தண்ணீர் மோட்டார், தங்கள் முழங்கால், என் பல், ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்ததா என்று உலகில் உள்ள எல்லாவற்றையும் பேசினோம், குஞ்சைத் தவிர. தாங்கள் கேட்பீர்களோ என்று நான் ஒவ்வொரு இடைவெளியிலும் செத்துப் பிழைத்தேன். நடுவே குஞ்சு அவர்கள் ‘கீச்’ என்றார்கள். “என்ன சத்தம் சம்பந்தி?” என்றீர்கள். “மின்விசிறிங்க” என்றேன். “எண்ணெய் போடுங்க” என்றீர்கள். போடுகிறேன் என்றேன். பொய் சொன்ன நாக்கு அன்று முழுவதும் கசந்தது.

பேச்சுத் துணை வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் என் சவரக் கண்ணாடியைப் பெட்டியில் சாய்த்து வைத்தேன். அன்றுமுதல் எனக்குச் சவரம் இல்லை. தூசி தட்டும் இறகுக் குச்சியைத் தொங்கவிட்டதும் குஞ்சு அவர்கள் அதைத் தாய் என்று நம்பி அதனடியில் புகுந்துகொண்டார்கள். இப்போது வீட்டில் தூசி தட்டவும் வழியில்லை. ஆனால் நேற்றுக் காலை நான் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருக்கையில் யாரோ என் கால் கட்டைவிரலை நறுக்கென்று கொத்தினார்கள். பெட்டியைத் தாண்டிக் குதித்து வந்திருக்கிறார்கள்! வலித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால் என்று மனைவியிடம் சொன்னேன். “சாதுவா? இதுவா சாது?” என்று அவள் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. இன்று தீனிக் கிண்ணத்தின் மேலேயே ஏறி நின்று சாப்பிடுகிறார்கள். மனைவியையும் கொத்தினார்கள். பூரண குணம்.

என் கவனக்குறைவால் தங்கள் குஞ்சு பட்ட துன்பத்துக்கு மீண்டும் ஒரு முறை மன்னிப்பு வேண்டுகிறேன். நம் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. சம்பந்தி அம்மாளுக்கு என் மனைவியின் அன்பு.

தங்கள் உறவால் பெருமை கொண்டும், மேற்படி குற்றத்தால் தலை குனிந்தும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சம்பந்தி அம்மாள் என் மனைவியை அழைத்தார்கள். “சம்பந்தியம்மா, மனசைக் கல்லாக்கிக்கிட்டுத்தான் கேக்குறேன்... எங்க புதைச்சீங்க?” என்றார்களாம். என் மனைவி, “எதைங்க?” என்றிருக்கிறாள். “அந்தக் குஞ்சைத்தாங்க. முட்டையை விட்டு வந்ததுல இருந்தே சீக்கு. தன் கண்ணு முன்னாடி சாகுறதைப் பாக்க மாட்டாம அந்த மனுஷன் உங்க வீட்டுல விட்டுட்டு வந்துட்டார். போன்ல கேக்கவும் பயம், கேக்காம சோறும் இறங்கல. உங்க வீட்டுக்காரர் தப்பா எடுத்துக்குவாரோன்னு வேற தினமும் புலம்பல்” என்றார்களாம். என் மனைவி தொலைபேசியைக் கீழே பிடித்துக் காட்ட, குஞ்சு அவர்கள் ‘கீச்’ என்று அதையும் கொத்தினார்கள். அந்தப் பக்கம் தாங்கள் கைதட்டியது எனக்கே கேட்டது.

ஆகவே முதலாவது குறிப்பு தவறு. ‘வந்த பிறகு’ என்பது வேறு, ‘வந்ததனால்’ என்பது வேறு என்று கல்லூரியில் தர்க்கம் கற்பித்த காலமெல்லாம் கரும்பலகையில் எழுதியவன் நான். “கடிதத்தைக் கிழிச்சுப் போட்டு, அவரை மன்னிப்புக் கேக்கச் சொல்லி வேற எழுதுங்க” என்கிறாள் மனைவி. தங்களிடம் அப்படிக் கேட்க எனக்கு வராது. நான் கேட்டால் தாங்கள் மறுக்கவும் மாட்டீர்கள். எனவே மன்னிப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று அப்படியே அனுப்புகிறேன். பிழை அந்த முதற்குறிப்பில் மட்டும்தான்.