எனக்கு ஒன்றும் தெரியாது சார்!

எல்லாம் தெரிந்தவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். அவர்கள் வாயைத் திறந்ததுமே நாம் கிளம்பச் செருப்பைத் தேடத் தொடங்கலாம். ஆனால், "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் வெறும் கத்துக்குட்டி" என்று பணிவாகக் கைகட்டி வருகிறாரே ஒருவர், அவரிடம்தான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர் விளக்கி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். முடிக்கும்போது, ஒன்றும் தெரியாதவர் நீங்கள்தான் என்று தீர்ப்பாகியிருக்கும்.

ஹைதராபாத்தில் 2005 வாக்கில் இந்த இனம் நன்றாகப் பெருகியது. ஹப்சிகுடாவில் குடியிருந்த வேலூர்க்காரர் பக்தவத்சலம் அதில் அசல் சரக்கு. மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். அதாவது, மற்றவர்கள் ராப்பகலாகக் கண்விழித்து எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடித்து, அதற்கு நம்பர் போட்டு, பெரிய குற்றம், சின்னக் குற்றம் என்று பிரித்து, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புபவர். ஒருநாள் கம்பெனி அவரை ஓட்டல் ஹாலில் உட்காரவைத்து, "எதிலும் புதிதாகக் கற்பவன்போல இருங்கள்" என்று பயிற்சி கொடுத்தது. வினை அங்கேதான் ஆரம்பம்.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னார்: "கனகா, இன்னியிலேர்ந்து என்னைப் புதுசாக் கல்யாணம் ஆனவனா நினைச்சுக்கோ."

"அப்பவும் வீட்ல டம்ளர் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, இப்பவும் தெரியாது. இதுல என்ன புதுசு?" என்றாள் கனகவல்லி.

அவர் அசரவில்லை. பத்து வயது மகள் ஹர்ஷிதா ஞாயிறுதோறும் செகந்திராபாத்தில் நாராயணசாமி என்பவரிடம் ஓவியம் கற்றுக்கொண்டிருந்தாள். அங்கேயே இவரும் சேர்ந்தார். குழந்தைகள் பள்ளிக்கூட பிரஷ்ஷோடு வந்தார்கள். இவர் வெளிநாட்டு பிரஷ் பன்னிரண்டோடு வந்தார். வாத்தியார் ஒரு எலுமிச்சம்பழத்தை மேஜையில் வைத்தால், "தப்பா நினைக்காதீங்க, நான் கத்துக்குட்டி, ஆனா ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தாத்தானே நிழல் சரியா விழும்?" என்பார். ஜன்னலை என்ன செய்வது? மூன்று தலைமுறையாக அந்த ஊரிலேயே இருக்கும் நாராயணசாமி ஒருநாள் பொறுக்க முடியாமல் ஹைதராபாத் உருது கலந்து கேட்டேவிட்டார்: "ஹவ் சார், எல்லாம் கரெக்டு. இவ்ளோ தெரிஞ்சிக்கிட்டு இங்க கைக்கு வர்றீங்க?" ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு.

பக்தவத்சலம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இதுவரை சிரிப்புதான். ஒரு நாள் ஹர்ஷிதா, யாரும் சொல்லாமல், எதையும் பார்த்துக் காப்பியடிக்காமல், மௌலா அலி மலையை வரைந்தாள். மேலே தர்கா, கீழே ரயில். அதை முதன்முதலாக அப்பாவிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். அவரும், "சூப்பர்! ஆனா, சக மாணவனா சொல்றேன்…" என்று பேனாவை எடுத்தார். பெரிய குற்றம் மூன்று, சின்னக் குற்றம் எட்டு. ரயிலுக்குச் சக்கரம் குறைவு என்பது நாலாவது சின்னக் குற்றம். பழக்கதோஷம், அடியில் கையெழுத்தும் தேதியும்கூடப் போட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் கிளம்பவில்லை. "நாக்கொத்து டாடி" என்று தெலுங்கிலேயே மறுத்துவிட்டாள். அதற்கடுத்த வாரமும் அதே பதில். வர்ணப்பெட்டி பீரோவுக்கு மேலே போயிற்று. குழந்தைகள் நடுவே தனியாக உட்கார்ந்து எலுமிச்சம்பழம் வரைந்த பக்தவத்சலத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. இவள் இனி வரையவே மாட்டாளோ?

நாலாவது ஞாயிறு அவர் வகுப்புக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்து, ஒரு டம்ளரைத் தேடிக் கண்டுபிடித்து வைத்தார்.

"ஹர்ஷி, நீ எனக்குக் கத்துக்கொடு."

"நீங்க கேக்க மாட்டீங்க டாடி."

"கேப்பேன்."

வரைந்தார். அவள் எட்டிப்பார்த்தாள். "அடி வளைவா வரணும். நீங்க ஸ்ட்ரெய்ட்டா போட்டீங்க, டம்ளர் பறக்குது."

அதற்கு அவரிடம் மூன்று விளக்கங்கள் தயாராக இருந்தன. தொண்டைவரை வந்துவிட்டன. சமையலறை வாசலில் கனகவல்லி கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிம்மா" என்று அழித்தார். டம்ளர் வாய் கோணல். "சரிம்மா." நிழல் கறுப்பு இல்லை, நீலம். "சரிம்மா." ஐந்தாவது தப்பில் காது சூடாகிவிட்டது, ஆபீசில் அவரிடம் தப்புக் கண்டுபிடிக்க ஆளே கிடையாது. ஆறாவதுக்கு, சொல்லிப் புரியவைக்க முடியாமல், ஹர்ஷிதா அவர் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கி நீலத்தில் தோய்த்தாள். திருப்பிக் கொடுக்க மறந்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழம், அதன்மேல் ஒரு கிளி, பின்னால் ஜன்னல் என்று காகிதம் முழுக்க அவளுடையதாகிவிட்டது.

கிளிக்கு மூன்று கால்.

சந்தேகமே இல்லை, மூன்று. பக்தவத்சலம் இரண்டு தடவை எண்ணினார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"சூப்பர்மா" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவர் செய்த ஆகக் கஷ்டமான காரியம் அது.

இதில் என்ன கஷ்டம் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் யாரோ எதையோ ஆசையாகக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினார்களே. "ரொம்ப நல்லாருக்கு" என்றீர்களே, அது சரி. அடுத்த வார்த்தை என்ன சொன்னீர்கள்?