போனில் வளர்ந்த மரங்கள்

"மாப்பிள்ளை, மத்தியானம் அதிகாரி ஆய்வுக்கு வர்றார். நானும் கூட வர்றேன். அந்த மரங்களை ஒரு தடவையாவது கண்ணால பார்த்துடணும்" என்று மாமனார் போனில் சொன்னபோது, மாப்பிள்ளைக்குக் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது.

மரம் என்று ஒன்றும் இல்லை. மாமனாரின் கிராவல் குவாரிக்கு அவர் மேனேஜராக வந்த புதிதில், தோண்டி முடித்த வடக்குக் குழியில் மண் போட்டு நிரவி, கன்று நட்டு, பழையபடி நிலமாக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மண் வரவில்லை, கன்றுகள் வந்த வாரமே கருகிவிட்டன. அதன் பிறகு அவர் மரங்களைப் போனிலேயே வளர்த்தார். மாமனார் விசாரிக்கும்போதெல்லாம் முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று தாராளமாக வளர்த்து, கடைசியாகத் தோள் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

வடக்குக் குழி சீராகிவிட்டதென்று அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் குவாரி ஓடும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். மூடினால் மாமனார் இவரை வேலையை விட்டு மட்டுமல்ல, குடியிருக்கும் மாடி வீட்டை விட்டும் கிளப்பிவிடுவார். வேறெங்கேயும் போய்ப் பிழைக்கவும் அந்த மனிதருக்குத் தெரியாது.

பொக்லைன் ஆபரேட்டரை லாரியோடு நர்சரிக்கு விரட்டினார். தோள் உயரத்தில் எது இருந்தாலும் அள்ளிக்கொண்டு வரச் சொன்னார். கன்றுகள் வந்தன. ஆனால் குழியின் அடியில் வெறும் கல். கடப்பாரைதான் வளைந்தது.

தரையை இளக்கத் தண்ணீர் லாரியை வரவழைத்தார். குழி குளமானது. நட்ட கன்றுகள் மல்லாந்து மிதந்தன. தண்ணீர் லாரி சேற்றில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதை இழுக்கப் போன பொக்லைன் லாரியோடு சேர்த்துக் கரையில் பாதியையும் இழுத்துப் போட்டது. காலையில் வெறும் குழியாக இருந்த இடம் இப்போது பார்த்தாலே பகீரென்றது.

"மாப்ளே சார், பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றார் ஆபரேட்டர்.

"உங்களுக்கு அவர் முதலாளி மட்டும்தான். எனக்கு மாமனார்."

அப்போதுதான் மாப்பிள்ளையின் கண் தெற்குப் பக்கம் போனது. பொக்லைன் இன்னும் வாய் வைக்காத இடம். புல்லும் புதருமாக, காலங்காலமாக இருந்தபடியே கிடந்தது. மேல்மண் அவ்வளவு மெத்தென்று இருந்தது. மிதந்த கன்றுகளை வாரி வந்து அங்கே நட்டார்கள். வடக்கில் இருந்த 'சீரமைத்த பகுதி' பலகையைப் பிடுங்கித் தெற்கில் ஊன்றினார்கள். தெற்கில் இருந்த 'தோண்டும் பகுதி' பலகை வடக்கே போனது. கடைசிப் பலகையை ஊன்றிக் கையைத் துடைப்பதற்கும் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

பலகைகளைப் பார்த்ததும் மாமனார் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை நைசாக அவர் காலை மிதித்தார். கல்யாணமானதிலிருந்து மாமனார் விஷயத்தில் அவர் காட்டிய முதல் துணிச்சல் அதுதான்.

அதிகாரி வரைபடத்தை விரித்தார். மாப்பிள்ளை பணிவாக அதை வாங்கி, தலைகீழாகத் திருப்பிக் கொடுத்து, வடக்கு இந்தப் பக்கம் என்றார். விஷயம் புரிந்துபோன மாமனாரும் ஆமாம் என்று தலையாட்டினார். உச்சிவெயில் என்பதால் சூரியனும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதிகாரி கன்றுகளுக்கு நடுவே நடந்தார். ஒரு கிளையில் நர்சரியின் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதைப் பறித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். அதிகாரி குனிந்து மண்ணைக் கிளறினார்.

"மண்புழுகூட வந்துடுச்சே" என்று ஆச்சரியப்பட்டார்.

"அதையும் தனியா வாங்கி விட்டோம் சார்."

"எத்தனையோ குவாரி பார்த்துட்டேன். இங்க ஒரு காலத்துல தோண்டினாங்கன்னு சத்தியம் பண்ணாக்கூட நம்ப முடியாது."

அங்கேயே கையெழுத்துப் போட்டார். மாமனாரும் அவர் காட்டின இடத்திலெல்லாம் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. அதிகாரியை அனுப்பிவைக்க ஆபரேட்டர் கூடப் போனதும், மாமனார் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, உங்களை என்னவோ என்று நினைத்திருந்தேன், மூளைக்காரர்தான் என்று மனதார ஒப்புக்கொண்டார். மாடி வீட்டை மகள் பெயருக்கே எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

ஆபரேட்டர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தார்.

"சீரமைச்ச நிலத்துல இனி என்னைக்கும் மண்வெட்டிகூடப் படக்கூடாதுன்னு அதிகாரி சொல்லிட்டுப் போறார், முதலாளி. மிச்சமிருக்கிற கிராவல் பூரா அதுக்கு அடியிலதானே இருக்கு, நாளைக்கு நான் எங்க தோண்டறது?"