கடிகாரக்காரரின் கால் வைத்தியம்

“இன்னும் ஒரு உதை விழட்டும், நீங்க முன்அறைதான்!”

தரையில் கிடந்த போர்வையை மனைவி எடுத்து உதறினாள். கடிகாரக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் அவர் ஒருநாளும் தனியாகப் படுத்ததில்லை.

“நானா உதைக்கிறேன்? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“தூங்குறவருக்கு எப்படித் தெரியும்? கிளம்புங்க டாக்டர்கிட்ட.”

டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார். “சாயங்காலம் உட்கார்ந்தா கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?”

“இருக்கு டாக்டர்,” என்றாள் மனைவி. “எழுந்து நாலு நடை நடந்தாத்தான் அடங்கும்.”

“அவர் சொல்லட்டுமேம்மா.”

“அவருக்கு எங்க சொல்ல வரும்? இத்தனை வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

அவர் வாயைத் திறந்தார். முன்அறை ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டார்.

ரத்தத்தில் இரும்பு கொஞ்சம் குறைவு என்று முதலில் இரும்பு மாத்திரை. வயிறு கல்லாகிப்போனது. கடை திறக்கும் நேரத்தில் அவர் குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தார். உதை நிற்கவில்லை.

அடுத்த மாத்திரையில் பகலெல்லாம் தூக்கம். தபால்காரரின் கைக்கடிகாரத்தில் பெரிய முள்ளையும் சின்ன முள்ளையும் இடம் மாற்றி மாட்டிவிட்டார். காலை ஒன்பது மணிக்கே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்ட தபால்காரர் கடை வாசலில் நின்று கத்தினார். உதை மட்டும் நிற்கவில்லை.

மூன்றாவது மாத்திரையைக் கொடுக்கும்போது டாக்டர் எச்சரித்தார். “சிலருக்குக் கண்டதையெல்லாம் வாங்கணும்னு வெறி வரும். வந்தா உடனே சொல்லுங்க.”

“இவருக்கா? ஒரு சட்டை எடுக்கவே நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும்!”

பத்தே நாளில் வீட்டில் ஏழு சுவர்க்கடிகாரங்கள். ஏழும் ஏழு நேரத்தில் அடித்தன.

“ரிப்பேருக்கு வந்ததையா விலைக்கு வாங்குவாங்க?”

“எல்லாம் ஓடாம நின்னுச்சு. பாவமா இருந்துச்சு.”

அன்றைக்கே தலையணை முன்அறைக்குப் போனது. ஊரிலிருந்து வந்திருந்த மனைவியின் அக்கா அவருடைய இடத்தில் படுத்துக்கொண்டாள்.

காலையில் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக காபி ஆற்றினாள். முன்அறையில் அவர் சிவந்த கண்ணோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“பாத்தியாக்கா, அவர் இல்லாம எவ்வளவு நிம்மதியான தூக்கம்!”

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி வந்தாள்.

“மாத்திரையெல்லாம் அவருக்குக் குடுத்தா, உன் காலு எப்படிடி அடங்கும்?”