மருந்துக்குப் போட்ட ஒன்பது மார்க்

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருக்கும் உன் தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதிக்கொண்டது. நான் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்பதால் கடிதம்.

நிற்க. "நீ முதல்ல ஆபரேஷன் பண்ணிக்கோ, வலிக்கலன்னா நானும் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மூன்று வருடமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாய். இதோ, பண்ணிக்கொண்டேன். வலியாவது ஒன்றாவது! ஆனால் இங்கே ஓர் அநியாயம் நடந்திருக்கிறது, அதை நான் சும்மா விடப்போவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வலி தெரியாமலிருக்க முதுகில் மெல்லிய குழாயைச் செருகி அதன் வழியாக மருந்து விடுகிறார்கள். மார்ஃபின் நல்லதா, ஃபென்டனில் நல்லதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். நோயாளிக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. முப்பத்து நான்கு வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவனுக்கு இந்த ஏற்பாடு பிடிக்காமல் போகுமா? கையெழுத்துப் போட்டேன். முதல் நாள் மாலை நர்ஸ் பெண் வந்து, "பத்துக்கு எவ்வளவு சார்?" என்றாள். மருந்துக்குத்தான் மார்க் கேட்கிறாள் என்று நினைத்து, "ஒன்பது" என்றேன். நான் யாருக்காவது ஒன்பது போட்டதுண்டா, நீயே சொல்! அவள் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட, அவர் மருந்தைக் கூட்டிவிட்டார். கேட்டது வலிக்கு மார்க்காம்! அப்புறம் ஆரம்பிச்சுது பாரு ஓர் அரிப்பு, மூக்கு நுனியிலேர்ந்து முதுகு வரைக்கும், சொறியறதுக்குக் கை ரெண்டு போதலை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், அவருக்கும் முழங்கால்தான், அவர் பேரிலும் ஓர் உறைதான். தலையணையைக் கடித்துக்கொண்டு முனகுகிறார். நர்ஸ் கேட்டால் "ரெண்டு" என்கிறார். "ஏன்யா பொய் சொல்றீர்?" என்றேன். "சின்னப் பொண்ணு முன்னாடி வலிக்குதுன்னு சொல்ல முடியுமா வாத்தியாரே?" என்கிறார். ஆக, காகிதத்தில் என் மருந்து ஃபெயில், அவர் மருந்து பாஸ்! விடுவேனா? கட்டில் காலில் தொங்கிய சார்ட்டை எடுத்து, ஒன்பதை அடித்து, 'மறுமதிப்பீடு கோருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மயக்க மருந்து டாக்டர் வந்து குதிகுதியென்று குதித்தார். "சார்ட்ல நீங்க எழுதக் கூடாது சார்!" "முதுகு என்னோடதுதானே?" என்றேன். உறையைப் பிரிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். என்ன பண்ணிடுவார்? முழங்காலைத் திருப்பி வாங்கிக்குவாரா?

என் மருந்தின் பெயர் தெரிந்ததும் எழுதுகிறேன். அதையே கேட்டு வாங்கிக்கொள், வேறெதற்கும் சம்மதிக்காதே. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் முழங்கால்கள் இரண்டுக்கும் என் தைரியம்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உன் தம்பி.

பி.கு.: என் வாயை அடைக்க டாக்டர் உறைகளைப் பிரித்துவிட்டார். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து, மார்ஃபின். டிரைவர் சிரிச்ச சிரிப்புல தையல் பிரியாதது அதிசயம். இனிமே உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணு என்ன கேட்டாள்னு எனக்கு முதல் தடவையே புரிஞ்சுது அக்கா. ஒன்பதுன்னு சொன்னது வலிக்குத்தான். அழுதுகிட்டேதான் சொன்னேன். சார்ட்ல அதை அடிச்சது வெட்கத்துல. ஆனா மருந்தைக் கூட்டின அரை மணி நேரத்துல அது மூணா இறங்கிடுச்சு, அதுவும் சத்தியம். அதனால வந்து பண்ணிக்கோ. அந்த அரை மணி நேரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு வேணா கத்து, யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பார்த்துக்கறேன்.