பனிக்கு அடம் பிடித்த கார்

நடராஜா காரைக் கிளப்ப முன்னால் செருகிய கைப்பிடியை மறுபடியும் பலமாகச் சுற்றினார். அது அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு, போன வேகத்திலேயே திரும்பி வந்து, அவரை வேலியோரத்து எருக்குவியலில் உட்கார வைத்தது.

"அடிபட்டுச்சாங்க?" என்று பாலாம்பிகை கேட்டாள். என்ஜினுக்குள் விட்டிருந்த தலையை அவள் வெளியே எடுக்கவில்லை.

"இல்ல. எரு மெத்துன்னுதான் இருக்கு."

"இருக்கத்தான் செய்யும். நல்லா மக்கின எரு."

மார்கழி முடியப் போகிற நேரம். குண்டசாலையில் பனி ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்து வேலி, வாழை, வீடு எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. பக்கத்து வீட்டு ஜவாஹிரின் பின் கொட்டிலில் நின்ற மொரிஸ் மைனர் காரும், அதைச் சுற்றி நடராஜாவும் அவர் மனைவியும் மட்டும்தான் உலகத்தில் மிச்சம் என்பது போலிருந்தது.

நடராஜா கண்டி நகரசபையில் கிளார்க். வீட்டுக்குப் பின்னால் பூங்கன்று நாற்றுமேடை வைத்திருந்தது பாலாம்பிகை. முன்பிருந்த வீட்டில் பால் டின்னில் நட்ட நாலு ரோஜாக் கம்பில் ஆரம்பித்தவள், இப்போது பிகோனியா, பான்சி, கார்னேஷன் என்று வீட்டு வளவு முழுக்க நிரப்பிவிட்டாள். பனிக்காலத்தில் விடியுமுன் எழுந்து நாற்றுகளின் மேல் போட்ட சாக்கை உதறுவாள், வெயில் வந்ததும் விலக்குவாள், சாய்ந்ததும் மூடுவாள். நடராஜாவுக்கு அதில் பாதி விளங்காது. கொடுத்ததைத் தூக்கி, சொன்ன இடத்தில் வைப்பார். அதிலேயே அவருக்கு ஒரு பெருமை.

அன்று காலை ஏரிக்கரையில் ஒரு புது ஹோட்டல் திறப்பு விழா. வாசற்படிகளின் இரண்டு பக்கமும் வைக்கப் பூச்சாடிகள் கொண்டு வரும் வேலை பாலாம்பிகைக்குக் கிடைத்திருந்தது. கிடைத்தது என்றா சொல்வது? ஹோட்டல் மனேஜர், கொழும்பிலிருந்து வந்த கோட்டுக்காரர், வீட்டுப் பெண்கள் பூ வளர்ப்பது பொழுதுபோக்குக்குத்தானே என்று சிரித்திருக்கிறார். பாலாம்பிகை மஞ்சள் வேணுமா சிவப்பு வேணுமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். சரி, பார்ப்போம் என்றாராம் அவர். விருந்தாளிகள் வருமுன் பூ வந்தால் வருஷம் முழுக்க ஹோட்டல் தோட்டம் அவளுக்கு. வராவிட்டால் பேராதனைக்காரர் ஒருவர் தயாராக நிற்கிறார்.

பேசி வைத்திருந்த வேன், முதல் நாள் மடுல்கெல்ல இறக்கத்தில் அச்சு முறிந்து படுத்துவிட்டது. செய்தி வந்தபோது ஜவாஹிர் வீட்டார் எல்லாரும் கம்பளையில் ஒரு நிக்காஹ்வுக்காக வாடகை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜவாஹிர் சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். நடராஜா குடும்பம் பக்கத்தில் குடிவந்து மூன்று நாலு மாதம்தான் என்றாலும் நல்ல பழக்கம். விஷயத்தைக் கேட்டதும், பஸ் படியில் தொங்கிக்கொண்டே கையை ஆட்டினார்.

"அதுக்கென்ன, என்ட காரை எடுங்க. பின்னால நிக்குது, சாவி அதிலயே கிடக்கு. பனிக்குக் கொஞ்சம் அடம் பிடிக்கும், பாத்து எடுங்க."

பஸ் போய்விட்டது. பனிக்கு அடம் பிடிக்கும் என்று ஒரு மனிதர் முன்கூட்டியே சொல்லியிருப்பதால், காலையில் தார்ப்பாயை இழுத்தபோது கண்ட எதுவும் அவர்களை அசைக்கவில்லை. நாலு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. குளிருக்குக் காற்றுச் சுருங்கும் என்றாள் பாலாம்பிகை. நடராஜா சைக்கிள் பம்பால் அடித்தார். அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சாவி சொன்னபடி அதிலேயே கிடந்தது; ஸ்டியரிங்கில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரே ராத்திரியில் என்ன சுறுசுறுப்பு என்று நடராஜா வியந்தார். பற்றரியில் உயிரே இல்லை. அதுவும் பனிதான். வீட்டில் ரேடியோவுக்கு வைத்திருந்த கார் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்து பூட்டினார்கள். அதோடு அன்றைக்கு ரேடியோவில் பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை.

எருக்குவியலிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டபோதுதான், பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று நடராஜாவுக்குத் தோன்றியது. பாலாம்பிகை ஒரு மூங்கில் குச்சியைப் பெற்றோல் தாங்கிக்குள் விட்டு எடுத்தாள். குச்சி காய்ந்தே வந்தது.

"கல்யாண அவசரத்துல ஜவாஹிர் நானா அடிக்க மறந்திருப்பாரு," என்றாள்.

நடராஜா சைக்கிளில் போய்க் கானில் பெற்றோல் வாங்கி வருவதற்குள் அவள் கார்புரேட்டரைப் பிரித்துவிட்டிருந்தாள். திருகாணி, மூடி, ஊசி எல்லாம் நாற்றுத்தட்டில் வரிசையாக இருந்தன. மகரந்தம் தடவ வைத்திருந்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடராஜா கானைக் கீழே வைத்தார்.

"அம்பிகை, இது நானாவோட காரு."

"தெரியுங்க. அடைச்சுக்கிட்டு இருந்திச்சு. வேருல அடைப்பு இருந்தா தண்ணி எப்படி மேல ஏறும்?"

அவளுடைய அப்பா மடுல்கெல்லத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர். தோட்ட ரோட்டிலேயே இவளும் ஓட்டப் பழகி லைசன்சும் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் லொறியைத் திறந்து பார்க்க அப்பா விட்டதே இல்லையாம். கார் என்ஜினை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பதை நடராஜாவிடம் அன்று மத்தியானம்தான் சொன்னாள். அது முன்பே தெரிந்திருந்தால் நடராஜா கம்பளைக்கு நடந்தே போய் ஜவாஹிரைக் கூட்டி வந்திருப்பார்.

பூட்டினாள். சுற்றிப் பார்த்தார்கள். கார் ஒரு தடவை இருமியது. இருமலைக் கேட்டதும் இருவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பிளக்குகளுக்குக் குளிர் பிடித்திருக்கும் என்று கழற்றி, அப்பச்சட்டியில் போட்டு அடுப்பில் சூடாக்கினார்கள். நடராஜா அவசரத்தில் ஒன்றை வெறுங்கையால் எடுத்து, சுட்டதும் உதற, அது தண்ணீர் வாளியில் விழுந்து சீறியது. அதை மறுபடி துடைத்து, மறுபடி வறுத்தார்கள். கார் இப்போது இரண்டு தடவை இருமியது.

என்ஜினுக்கும் சூடு வேண்டும் என்று ரேடியேட்டரில் சுடுதண்ணீர் ஊற்றினார்கள். கீழே இருந்த ரப்பர்க் குழாய் வாய் பிளந்து, சுடுதண்ணீர் நடராஜாவின் செருப்புக்குள் போனது. பாலாம்பிகை ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டும் ரப்பர் நாடாவை எடுத்து வந்து, குழாயைச் சுற்றிச் சுற்றி, இழுத்து, முடிச்சை உள்ளே செருகிக் கட்டினாள். அவள் விரல்கள் அப்படி வேலை செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருந்தும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடராஜா இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

கார் மட்டும் கிளம்பவில்லை.

இதற்கிடையில் பின் சீற்றைக் கழற்றி வேலியோரம் போட்டுவிட்டு, சாடிகளை உள்ளே அடுக்கியிருந்தார்கள். மிச்சம் கயிறு போட்டுக் கூரைமேல். மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாக அந்தக் கறுத்த காருக்குத் தலை முழுக்கப் பூ. பனி கலைய ஆரம்பித்தது. ஏரிக்கரையில் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று பாலாம்பிகை மெல்லச் சொன்னாள். அன்று காலையில் முதன்முதலாக அவள் குரல் இறங்கிப் போனதைக் கேட்ட நடராஜாவுக்கு, எதையாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

"தள்ளுவோம்," என்றார். "ஒழுங்கை ரோடு வரைக்கும் இறக்கம்தானே."

தள்ளினார்கள். சில்லு ஒன்றும் உருளவில்லை, பிரேக் இறுகியிருந்தது. நடராஜா மரச்சுத்தியலுடன் காருக்கடியில் ஊர்ந்து போய், எது பிரேக் என்று தெரியாமல் நாலு பக்கமும் தட்டிவிட்டு ஊர்ந்து வெளியே வந்தார். அவர் எழுந்து நிமிர்வதற்கும் கார் தானாக நகர்வதற்கும் சரியாக இருந்தது.

உள்ளே ஒருவரும் இல்லை. கூரையில் பூக்களோடு கார் கொட்டிலை விட்டு இறங்கி, வேலிப் படலையைத் தாண்டி, ஒழுங்கையில் வேகம் பிடித்தது. ஒழுங்கையின் முடிவில் வயல். நடராஜா ஓடிப் போய்ப் பின் பம்பரைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தார். கார் போய்க்கொண்டே இருந்தது. பம்பர் அவர் கையில் இருந்தது.

பாலாம்பிகை சேலையை இழுத்துச் செருகியதைத்தான் அவர் கண்டார். அடுத்த கணம் அவள் காருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் கதவைத் திறந்து உள்ளே இருந்தாள். கியர் விழுந்ததும் கார் ஒருமுறை குலுங்கியது. பின்னாலிருந்து கறுப்புப் புகை ஒரு பொதியாக வந்து நடராஜாவின் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு முழக்கம். வயலுக்கு ஒரு சாண் முன்னால் கார் வலப்பக்கம் வளைந்து பெரிய ரோட்டில் ஏறியது.

"ஏறுங்க," என்று அவள் கத்தியது கேட்டது. "நிப்பாட்ட மாட்டேன், ஓடி வந்து ஏறுங்க."

நடராஜா ஓடி வந்து ஏறினார். பம்பரைப் போடத் தோன்றாததால் அது மடியிலேயே வந்தது.

தென்னக்கும்புற வரைக்கும் அவர் பம்பரை இறுகப் பிடித்தபடியே வந்தார். ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், முகத்தில் கரியோடும் தலையில் பனித்துளியோடும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்த தன் மனைவியை இதுவரை சரியாகப் பார்க்கவே இல்லையே என்ற நினைப்பு. பாலத்தடியில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையைத் தூக்கினார். பிறகு கூரைப் பூக்களைக் கண்டு, யாரோ பெரிய இடத்துக் கார் என்று நினைத்தாரோ என்னவோ, தூக்கிய கையை அப்படியே சல்யூட்டாக மாற்றி வழிவிட்டார். பாலாம்பிகையும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள்.

ஹோட்டல் வாசலிலும் அவள் என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி எழும்புமோ எழும்பாதோ. முழங்குகிற காரிலிருந்து சாடிகளை இறக்கினார்கள். மனேஜர் ஓடி வந்தார். காரைப் பார்த்தார், பம்பரோடு இறங்கிய நடராஜாவைப் பார்த்தார், ஒரு இதழும் கசங்காத பான்சிகளைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி ஒரு தூணில் மாட்டிவிட்டு, தானும் சாடி தூக்க ஆரம்பித்தார். படிகள் நிறைந்தபோது முதல் விருந்தாளியின் கார் உள்ளே திரும்பியது.

இனித் தோட்டம் முழுக்க நீங்களே பாருங்கள் என்று அவர் சொன்னபோது, பாலாம்பிகை நன்றி சொல்லிவிட்டு, ரோஜாப் பாத்தியை வெயில் விழும் பக்கம் மாற்ற வேண்டும் என்றாள். அவர் சரி, மாற்றலாம் என்றார்.

காரை ஏரியோரம் ஒதுக்கிய பின்புதான் அவள் என்ஜினை அணைத்தாள். அமைதி வந்ததும் நடராஜாவுக்குக் கவலையும் வந்தது. பின் சீற்று வேலியோரம் கிடக்கிறது. பம்பர் கையில். குழாயில் ஒட்டுநாடா. ஜவாஹிர் நானாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

யோசித்து முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. கம்பளையிலிருந்து திரும்பிய வாடகை பஸ் ஏரிக்கரையால் வந்தது, அவர்களைத் தாண்டியது, கிறீச்சென்று நின்றது. ஜவாஹிர் குதித்து இறங்கினார். பின்னால் அவருடைய தாயார் ஆஸியா உம்மா, வெள்ளை முக்காட்டைச் சரி செய்தபடி மெதுவாக இறங்கினார்.

நடராஜா முந்திக்கொண்டார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்: பம்பர், சீற்று, கார்புரேட்டர், அப்பச்சட்டி. தவறு முழுக்கத் தன்னுடையது, பாலாம்பிகை சாடிகளை அடுக்கினதோடு சரி என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னார். பாலாம்பிகை அவரைத் தடுத்து, பிரித்ததும் பூட்டியதும் தான்தான், எப்படியும் சரிசெய்து தருவோம் என்றாள்.

ஜவாஹிர் காரைச் சுற்றி வந்தார். என்ஜின் மூடியில் கையை வைத்து, சூட்டுக்கு வெடுக்கென்று எடுத்தார், மறுபடியும் வைத்தார். அவர் கண் கலங்கியிருப்பதைக் கண்ட நடராஜா, சேதம் தான் நினைத்ததைவிடப் பெரியது என்று முடிவுகட்டி, பம்பரை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கோபப்படாதீங்க நானா."

அதை வாங்க வந்தது ஆஸியா உம்மா. பம்பரைக் கையில் பிடித்தபடி பாலாம்பிகையின் கரி படிந்த முகத்தை முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டு, அவர் சொன்னார்:

"அவன் எடுக்கச் சொன்னது கடைக்குப் பின்னால நிக்கிற காரை, மகள், இது எங்கட மனிசர், இவன்ட வாப்பா, மௌத்தாகிக் கண்மூடின நாள்ல இருந்து, கண்டியில உள்ள மெக்கானிக் பாஸ்மார் எல்லாரும் வந்து பாத்தும் ஒரு சத்தம் போடாத காரு."