மூடி போடக் கூடாத ஊசி

அன்புள்ள அத்தான் சங்கர்ராம் அவர்களுக்கு, மட்டாஞ்சேரி ஊறுகாய்க் கடையிலிருந்து மைத்துனன் நல்லசிவம் வணக்கத்துடன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் உட்பட அனைத்தும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

என் மகள் பொன்மணியை நர்சிங்கில் சேர்த்தபோது, "வார்டுல நம்ம வீட்டு விரல்ல ஊசி ஏறிச்சுன்னா அன்னைக்கே படிப்பை நிப்பாட்டிடணும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். இப்போது கேளுங்கள், உங்கள் மருமகள் ஜெயித்துவிட்டாள்.

அவள் பயிற்சி எடுக்கிற ஆஸ்பத்திரியில்தான் பக்கத்துக் கடை கபீர் குடல்வால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். கஞ்சி கொண்டுபோனேன், அதனால் எல்லாம் கண்ணால் பார்த்தது. போட்டு முடித்த ஊசியைப் போடும் பெட்டி வார்டுக்கே ஒன்றுதான், அதுவும் கடைசி வாசலில். கட்டிலுக்குக் கட்டில் பெட்டி வேண்டுமென்று மாணவிகள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். அன்று ஒரு சீனியர் நர்ஸ் அவசரத்தில் ட்ரேயை வைத்துவிட்டுப் போக, பார்க்க வந்திருந்த ஒரு மனிதர், நல்ல கௌரவமான ஆள், வியாபாரி போலிருந்தது, எது திறந்து கிடந்தாலும் பொறுக்காத சுபாவம், பாவம், ஊசிக்கு மூடி போடப் போனார். மூடும்போதுதான் குத்துமாம், அதனால் மூடவே கூடாதாம், அவருக்கு எப்படித் தெரியும்? குத்திவிட்டது. வார்டே கூடிவிட்டது. பொன்மணி மட்டும் பதறவில்லை. விரலைப் பிதுக்காதே, வாயில் வைக்காதே என்று அதட்டி, குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கழுவி, டாக்டரிடம் கொண்டு நிறுத்தினாள். அப்புறம் ஒரு சாயா கொடுத்தார்கள், சர்க்கரைதான் போதவில்லை.

சூப்பிரண்டு வந்து, "சாரமில்லா சேட்டா", பரவாயில்லை அண்ணே, என்று அந்த மனிதரைச் சமாதானப்படுத்திவிட்டு நழுவப் பார்த்தார். நம் பெண் குறுக்கே நின்றாள்.

"கட்டில் பக்கத்துல பெட்டி இருந்தா இது நடந்திருக்காது சார். பெட்டி வர்ற வரைக்கும் நாங்க ஊசியைத் தொட மாட்டோம்."

பின்னாலேயே மாணவிகள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். மறுநாள் கட்டிலுக்குக் கட்டில் பெட்டி வந்துவிட்டது, ஆளுக்குக் கையுறையும் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை அத்தான், முறுக்குவதற்கு ஒரு மீசை இல்லையே என்பதுதான் குறை.

அக்காவுக்கு நமஸ்காரம், விக்கிக்கு ஆசிகள். கடுமாங்காய் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன், மூடியை இறுக்கிப் போட்டு வைக்கவும்.

தங்கள்
நல்லசிவம்

பி.கு.: பொன்மணி இதைப் படித்துவிட்டு, அந்தக் கௌரவமான மனிதர் யாரென்று எழுதாமல் தபாலில் போடக் கூடாது என்கிறாள். நான்தான். பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், தடுப்பூசியும் போட்டாயிற்று. சத்தியப்படி படிப்பை நிறுத்தியாக வேண்டும் என்பீர்கள். விரலில் ஊசி ஏறியவன் படிப்பை எட்டாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டான், அத்தான்.