தேங்காய் ஐஸ்கிரீம் உருகினால் யார் பொறுப்பு?

“தோன் எலிகியோ, ஐஸ்கிரீம் உருகுது. யார் பொறுப்பு?”

மாடிப்படிக்குக் கீழே நெரெய்தா இடுப்பில் கைவைத்து நின்றாள். மேலே, அவள் மரியாதையாகத் ‘தோன்’ என்று கூப்பிடும் வீட்டுச் சொந்தக்காரர் எலிகியோ கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். மதிய வெயிலில் பராவோனா ஊரே கண்ணயர்ந்து கிடந்தது. மின்விசிறி நின்றுபோன அமைதியில் அவள் குரல் அவருக்குக் கனவில் கேட்பதுபோல இனித்தது. கேள்விதான் இனிக்கவில்லை.

கீழ்வீட்டில் குடியிருக்கும் நெரெய்தா தேங்காய் ஐஸ்கிரீம் செய்து விற்பவள். கணவன் இறந்து பல வருஷம். எலிகியோவும் தனிக்கட்டை. அவள்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. சொல்லத்தான் வாய் வராது. குழாய் ஒழுகினால், கதவு கிறீச்சிட்டால், அந்தச் சாக்கில் கீழே போவார். ஆனால் மனுஷன் கைவேலையில் படு கெட்டிக்காரர். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பழுது பார்த்து வைத்ததில், கீழே போகச் சாக்கே இல்லாமல் போய்விட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

“தெருவுக்கே கரண்டு இல்லம்மா. கம்பெனிக்காரன் நிறுத்தினா நான் என்ன பண்ணுவேன்?”

“எதிர்வீட்டுல ஃபேன் சுத்துதே?”

“இன்வெர்ட்டர்.”

“மளிகைக்கடையில பாட்டு ஓடுதே?”

“அதுவும் இன்வெர்ட்டர்தான். கரண்டு வந்திருந்தா தெருவே ‘வந்துருச்சு, வந்துருச்சு’ன்னு கத்தியிருக்காதா? யாராவது கத்தினாங்களா?”

யாரும் கத்தவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

“தெருவுல கோளாறுன்னா என் தலைவிதின்னு விட்டுடறேன். வீட்டுல கோளாறுன்னா நஷ்டம் உங்க பொறுப்பு. அப்புறம் நான் இங்க இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

எலிகியோ கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கொல்லைச் சுவரில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால்? கோளாறு வீட்டில்தான் என்றால் இவள் மூட்டை கட்டிவிடுவாள். திறக்காத பெட்டியால் ஒரு ஆபத்தும் இல்லை என்று முடிவு செய்தார்.

“கரண்டு வர்ற வரைக்கும் ஐஸ் கொண்டாந்து அடுக்கறேன்” என்று கிளம்பினார்.

துறைமுகத்தில் மீன்காரனிடம்தான் ஐஸ் கிடைத்தது. வேர்க்க விறுவிறுக்கத் தூக்கி வந்து ஃப்ரீசருக்குள் அடுக்கினார். பிறகு நெரெய்தா போட்ட முக்காலியில் உட்கார்ந்தார். சமையலறையில் பட்டை வாசனை. ஜன்னலில் மாமர நிழல் மெல்ல ஆடியது. அவள் ஒரு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கரண்டு போன வீட்டில் நேரமும் போகாமல் நின்றுவிடும் போலிருக்கிறது. இந்த உலகத்துக்கு மின்சாரமே இனி வேண்டாம் என்று எலிகியோவுக்குத் தோன்றியது.

நெரெய்தா ஐஸ்கிரீமில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். முகம் கோணியது.

“மீன் நாறுது.”

“அது ஐஸ்காரன் தப்பு.”

“கொண்டாந்தது யாரு?”

அடுத்து, பக்கத்து வீட்டு புளுத்தார்கோவின் இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்தார். பின்கட்டு அறையில் குடியிருக்கும் திபுர்சியோ, வாய் திறக்காத பழைய மாலுமி, பனியன் நனைய நனைய அட்டையால் விசிறிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஃப்ரீசரை மாட்டியதும் அந்தப் பக்கம் ‘டப்’பென்று ஒரு சத்தம். கூடவே புகை.

“யோவ் எலிகியோ!” சுவருக்கு மேலே புளுத்தார்கோவின் தலை முளைத்தது. “பேஸ்பால்ல கடைசி இன்னிங்ஸ்யா! பந்து வானத்துல பறந்துக்கிட்டு இருக்கு, டிவி அணைஞ்சு போச்சு! பிடிச்சானா, விட்டானா? இதுக்கு எவன்யா பொறுப்பு?”

“நான்தான்” என்றார் எலிகியோ பரிதாபமாக. நெரெய்தா ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமைச் சுவருக்கு மேலே நீட்டினாள். புளுத்தார்கோ ருசி பார்த்தான்.

“மீன் போட்டிருக்கியா? பரவால்ல, நல்லாத்தான் இருக்கு.”

பொழுது சாய்ந்தது. ஐஸ்கிரீம் முழுவதும் பாயசமாகிவிட்டது. நெரெய்தா கொல்லையில் இரண்டு ஆடுநாற்காலிகளைப் போட்டு, பாத்திரத்தை நடுவில் வைத்தாள். இருவரும் ஒரே பாத்திரத்தில் கரண்டி விட்டுக் குடித்தார்கள். வானம் கொய்யாப்பழ நிறத்துக்கு மாறியது. கடல்காற்று வருவதும் போவதுமாக இருந்தது.

“அசுவாவுல என் தங்கச்சி இருக்கா” என்றாள் நெரெய்தா மெதுவாக. “அங்கயே போயிடலாம்னு பார்க்கறேன்.”

எலிகியோவின் கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது. அத்தனை வருஷமாக வராத வாய், அன்றைக்கு எப்படித்தான் வந்ததோ!

“போகாத, நெரெய்தா.” வழக்கமான ‘நீங்க’, ‘அம்மா’ எல்லாம் எங்கேயோ பறந்துபோயிருந்தது. “கோளாறு தெருவுலயோ வீட்டுலயோ, எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் நானே பொறுப்பு. ஐஸ்கிரீமுக்கு, புளுத்தார்கோ டிவிக்கு, உனக்கு, உன் ஆயுசுக்கும். என்னைக் கட்டிக்கிறியா?”

அவள் நாற்காலி ஆடுவது நின்றது. இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. மாமரத்தில் ஒரு பறவை இடம் மாறி உட்கார்ந்தது. எலிகியோவுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது.

“சரி” என்றாள். அவ்வளவுதான். எலிகியோ சின்னப்பையன்போல விசும்பினார்.

பின்கட்டுக் கதவு திறந்தது. திபுர்சியோ, தொப்பலாக நனைந்த பனியனோடு எட்டிப் பார்த்தார்.

“அம்மா நெரெய்தா, அதான் சம்மதம் சொல்லியாச்சுல்ல? காலையில மீட்டர் பெட்டியில நீ இறக்கச் சொன்ன மெயின் சுவிட்சை இப்பவாவது மேல தள்ளட்டுமா?”